நோயின் வழி கண்டவர்

கரிசல் மண் பரந்து கிடக்கும் விருதுநகர் வட்டாரம் மழை வளம் குறைந்தது. ஆதலின் அங்கு வாழ்ந்த முன்னோர் ஊர்தோறும் கிணறும் ஊருணியும் தோண்டி, நீரைப் பொன்னெனப் போற்றினர். விருதுநகரின் நடுவே விளங்கும் தெப்பக்குளம் அவர்தம் நீர்க்காப்புக்கு இன்றும் சான்றாக நிற்கிறது. ஆயினும், உயிரைக் காக்கும் நீரே சிற்சில வேளைகளில் உயிரைக் கொல்லும் நஞ்சாகவும் மாறியதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி எனப்படும் காலரா நோய் தமிழ்நாட்டு ஊர்களை அடிக்கடி வந்து வாட்டியது. காலையில் நலமுடன் ஏர் பூட்டியவர் மாலையில் மாண்டு கிடந்தார். இறந்தவரை எடுத்துச் செல்லவும் ஆள் இல்லாத ஊர்கள் இருந்தன.

இந்நோய் ஏன் வருகிறது? சிலர் தெய்வத்தின் சினம் என்றனர். சிலர் காற்றின் கேடு என்றனர். வேறு சிலரோ, வறியவரும் நலிந்தவரும் தம் உடற்குறையாலேயே மடிகின்றனர் என்று கூறி அமைந்தனர். நோய் எவ்வழியாகப் பரவுகிறது என்பதை அறிந்தவர் அரியர். அவ்வழியைத் தேடிக் கண்டு உலகிற்கு உரைத்த பெருந்தகை ஜான் ஸ்னோ என்னும் ஆங்கில மருத்துவர். அவர் ஆராய்ச்சிக்குத் துணை நின்றவை மூன்று: இறந்தோர் பெயர்ப்பட்டியல் ஒன்று, தெருக்களைக் காட்டும் நகரப் படம் ஒன்று, வீடுவீடாக ஏறி இறங்குவதற்குச் சலியாத இரு கால்கள்.

பிறப்பும் இளமையும்

ஜான் ஸ்னோ இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரில் 1813 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூலித் தொழிலாளி. நிலக்கரிக் கிடங்கில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார். அவர்தம் மக்கள் ஒன்பதின்மருள் ஜான் மூத்தவர். வறுமையிலும் பெற்றோர் மகனைப் பள்ளிக்கு அனுப்பினர்.

பதினான்காம் வயதில் அவர் வீட்டை விட்டு நீங்கி, நியூகாசில் நகரில் ஹார்ட்கேசில் என்னும் மருத்துவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். பதினேழாம் வயதில் புலால் உண்பதை விடுத்தார், மதுவையும் விலக்கினார், குடிக்கும் நீரைத் தூய்மை செய்தே பருகினார். இளமையில் மேற்கொண்ட இவ்வொழுக்கத்தை அவர் நெடுங்காலம் வழுவாது காத்தார்.

1831 ஆம் ஆண்டில் காலரா முதன்முறையாக இங்கிலாந்தில் புகுந்தது. 1817 இல் வங்காளத்தில் பெருகிய அந்நோய், வணிகர் வழியிலும் படைவீரர் வழியிலும் நாடு கடந்து, கடல் கடந்து, அங்கும் சென்று சேர்ந்தது. நியூகாசிலுக்கு அண்மையில் கில்லிங்வொர்த் என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இருந்தது. அங்கே தொழிலாளர் பலர் நோயுற்றனர். அவர்களுக்கு மருத்துவம் செய்யப் பதினெட்டு வயது இளைஞராகிய ஸ்னோ அனுப்பப்பட்டார்.

அவரால் பலரைக் காப்பாற்ற இயலவில்லை. ஆனால் அவர் கண்கள் ஒன்றைக் கண்டன. சுரங்கத் தொழிலாளர் நெடுநேரம் நிலத்தின் அடியில் உழைத்தனர். அங்கே மலங்கழிக்கத் தனியிடம் இல்லை. கை கழுவ நீரும் இல்லை. கரி படிந்த கையாலேயே கொண்டு சென்ற உணவை உண்டனர். நோய்க்கும் தொழிலாளர் வாழும் முறைக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்னும் எண்ணம் இளைஞர் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. அவ்வித்து முளைத்துப் பயன் தரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

மருத்துவப் பணி

1836 ஆம் ஆண்டில் ஸ்னோ இலண்டன் மாநகரை அடைந்தார். அங்கு மருத்துவம் பயின்று 1838 இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். 1844 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பெரும்பட்டமும் பெற்றார். செல்வரும் வறியரும் கலந்து வாழ்ந்த சோகோ என்னும் பகுதியில் குடியிருந்து தொழில் செய்தார். மணம் செய்துகொள்ளவில்லை. நோயாளிகளும் நூல்களுமே அவருக்குச் சுற்றமாயின.

அக்காலத்தில் அவர் உடல்நலமும் குன்றியது. காசநோயின் அறிகுறிகள் தோன்றின. 1845 அளவில் சிறுநீரக நோய் பற்றியது. அந்நோய் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. பிறர் நோயை நாடிய பெருந்தகை, தம் உடலுக்குள் நாட்பட்ட நோயைச் சுமந்தவாறே உழைத்தார்.

அறுவை மருத்துவத்தின்போது நோவு தெரியாமல் இருக்க ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்யும் முறை 1846 இன் இறுதியில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்திற்கு வந்தது. அதனை எவ்வளவு கொடுப்பது, எவ்வாறு கொடுப்பது என்று அளந்து கண்டவர் ஸ்னோ. பின்னர்க் குளோரோபாம் என்னும் மருந்தையும் அவ்வாறே ஆராய்ந்தார். 1853 இலும் 1857 இலும் விக்டோரியா அரசியார் மகப்பேற்றின்போது அம்மருந்தைக் கொடுக்க அழைக்கப்பட்டவர் இவரே. கூலியாளின் மகன் அரண்மனை வரை உயர்ந்தார். இப்புகழே போதும் என்று அவர் அமைந்திருக்கலாம், அமையவில்லை. சுரங்கத்தில் கண்ட மரணம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இரு வேறு விளக்கம்

1848 இலும் 1849 இலும் காலரா மீண்டும் இங்கிலாந்தில் பரவியது. அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கொள்கை. ஸ்னோ இதனை ஏற்கவில்லை. ஆவிகளின் இயல்பை அளந்து அறிந்தவர் அவர். காற்றால் வரும் நோயாயின் அது முதலில் நுரையீரலைத் தாக்க வேண்டும். காலராவோ குடலைத் தாக்குகிறது. ஆகவே நச்சுப்பொருள் வாய்வழியாக உள்ளே செல்ல வேண்டும். நோயாளியின் கழிவு கலந்த நீரே அதற்கு ஊர்தியாக வேண்டும். இங்ஙனம் எண்ணித் துணிந்த அவர், 1849 இல் தம் கருத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். அதனை மதித்தவர் சிலரே.

அரசின் பதிவகத்தில் பணியாற்றிய வில்லியம் பார் என்பவர் புள்ளிக்கணக்கில் வல்லவர், நேர்மையாளர். அவர் இலண்டனில் இறந்தோர் தொகையை இடவாரியாகப் பிரித்துப் பார்த்தார். தாழ்ந்த நிலப்பகுதிகளில் இறப்பு மிகுதி. மேட்டுப் பகுதிகளில் குறைவு. இக்கணக்கில் பிழை இல்லை. ஆனால் தாழ்நிலத்தில் கெட்ட காற்றுத் தேங்குவதே காரணம் என்று அவர் கொண்டார். ஸ்னோ அதே கணக்கை வேறு வகையாக நோக்கினார். தாழ்நிலத்து மக்கள் தேம்சு ஆற்றின் மாசுற்ற நீரைக் குடித்தனர். மேட்டு நிலத்தார் பெற்றதோ தூய்மை மிக்க நீர். கணக்கு ஒன்று, விளக்கம் இரண்டு. எது உண்மை என்பதைக் கண்டறிவது எங்ஙனம்?

முந்நூறாயிரம் மக்களின் சோதனை

அதற்கு வாய்ப்பு 1854 இல் வந்தது. தென் இலண்டனில் இரண்டு நிறுவனங்கள் குழாய் வழியே குடிநீர் வழங்கின. ஒன்று சவுத்வார்க்கு வாக்சால் நிறுவனம். அது நகரக் கழிவு கலக்கும் இடத்திலேயே ஆற்றுநீரை எடுத்தது. மற்றொன்று லாம்பெத் நிறுவனம். அது 1852 முதல் நகருக்கு மேலே, கழிவு கலவாத இடத்திலிருந்து நீரைக் கொணர்ந்தது. பல தெருக்களில் இவ்விரண்டின் குழாய்களும் அருகருகே ஓடின. ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே வகை மக்கள், ஒரு வீட்டிற்கு ஒரு நீர், அடுத்த வீட்டிற்கு மற்றொரு நீர். ஏறத்தாழ முந்நூறாயிரம் மக்கள் தாமே அறியாமல் ஒரு பெருஞ்சோதனைக்கு உட்பட்டிருந்தனர்.

ஸ்னோ இறந்தோர் வீடுகளுக்கு நடந்தார். தம் வீட்டிற்கு நீர் தருவது எந்நிறுவனம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டு நீரையும் சிறிது எடுத்து, அதில் உள்ள உப்பின் அளவைச் சோதித்து, அது எவருடைய நீர் என்று கண்டார். நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், சவுத்வார்க்கு நிறுவனம் நீர் வழங்கிய 40,046 வீடுகளில் இறந்தோர் 1,263 பேர். லாம்பெத் நிறுவனம் வழங்கிய 26,107 வீடுகளில் இறந்தோர் 98 பேர். பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னதில் 315, பின்னதில் 37. காற்று ஒன்றாயிருக்க, நீர் வேறாயிருக்க, இறப்பும் வேறாயிற்று.

பிராட் தெருவின் அடிகுழாய்

இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, ஸ்னோ முன்பு வாழ்ந்த சோகோப் பகுதியில் பேரிடர் மூண்டது. 1854 ஆகஸ்டுத் திங்கள் இறுதி இரவில் பிராட் தெருவைச் சூழ்ந்த வீடுகளில் காலரா வெடித்தெழுந்தது. 250 கஜ எல்லைக்குள் பத்தே நாள்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோர் ஊரை விட்டு ஓடினர்.

அனைவரும் ஓடிய தெருவிற்குள் ஸ்னோ நடந்து சென்றார். அரசுப் பதிவகத்திலிருந்து, தொடக்க நாள்களில் இறந்த 83 பேரின் பட்டியலைப் பெற்றார். ஒவ்வோர் இறப்பும் நிகழ்ந்த வீட்டைத் தேடினார். ஏறத்தாழ எல்லா இறப்புகளும் பிராட் தெருவில் இருந்த ஓர் அடிகுழாயைச் சுற்றியே நிகழ்ந்திருந்தன. பத்து இறப்புகள் மட்டும் வேறோர் அடிகுழாய்க்கு அண்மையில் உள்ள வீடுகளில் நேர்ந்தன. இங்கே தம் கொள்கை பிழைத்ததோ என்று அவர் அஞ்சவில்லை. அவ்வீடுகளையும் நாடிச் சென்று வினவினார். அவர்களுள் ஐந்து குடும்பத்தார் பிராட் தெரு நீரையே விரும்பி எடுத்துவந்தனர். மூன்று பேர், அக்குழாயின் அருகில் இருந்த பள்ளியில் பயின்ற சிறுவர்கள்.

அதே தெருவில் நோய் தீண்டாத இடங்களும் இருந்தன. அண்மையில் இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் இறந்தோர் ஐவரே. வறியரும் முதியரும் நிறைந்த இடமாயிற்றே! நலிந்த உடலே காரணம் எனின், அங்கன்றோ சாவு மிகுந்திருக்க வேண்டும்? அவ்விடுதிக்குத் தனிக்கிணறு இருந்தது. பிராட் தெருவின் மதுவடிப்பாலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் உழைத்தனர். அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. அங்கும் தனிக்கிணறு இருந்தது. தொழிலாளர் தெருக்குழாய் நீரை நாடவில்லை.

இனி, அதே தெருவில் துப்பாக்கிகளுக்கு வேண்டிய வெடிமூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே ஏறத்தாழ இருநூறு தொழிலாளர் இருந்தனர். அவர்கள் குடிப்பதற்கு இரு தொட்டிகளில் அடிகுழாய் நீரை நிரப்பி வைப்பது வழக்கம். அவர்களுள் பதினெண்மர் மாண்டனர். அவர்கள் இறந்ததோ தத்தம் வீடுகளில். வீட்டை மட்டும் குறித்திருந்தால் அவர்களைக் கொன்றது எது என்பது மறைந்து போயிருக்கும். இறந்த இடத்தைக் கேட்டதோடு நில்லாமல், உழைத்த இடத்தையும் குடித்த நீரையும் கேட்டதனால் உண்மை வெளிப்பட்டது.

அத்தொழிற்சாலையினரின் தாயார், கணவரை இழந்தவர், தொலைவில் உள்ள ஹாம்ஸ்டெட்டு என்னும் இடத்தில் வாழ்ந்தார். பிராட் தெரு நீரின் சுவையில் விருப்பம் கொண்ட அவருக்கு வண்டியில் அந்நீர் நாள்தோறும் சென்றது. அவ்வூரில் வேறு எவருக்கும் இல்லாத காலரா அவரை மட்டும் தாக்கியது. அவரைக் காணவந்து அந்நீரைப் பருகிய மருமகளும் தம் ஊர் திரும்பி இறந்தார். ஐயத்திற்கு இனி இடம் ஏது?

செப்டம்பர் 7 ஆம் நாள் மாலை ஸ்னோ அவ்வட்டார நிர்வாகக் குழுவினர் முன் சென்று தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். அவர்கள் முழுதும் நம்பவில்லை. எனினும் மறுநாள் அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தனர். மக்கள் பலர் ஓடிவிட்டமையால் நோய் முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்காமல் எழுதினார். தமக்குப் புகழ் தரும் செய்தியிலும் உண்மையை மிகுத்துக் கூறாத உள்ளம் அவருடையது.

பின்னர் அவர் தெருப்படம் ஒன்றில் ஒவ்வோர் இறப்பிற்கும் ஒரு கருங்கோடு இட்டார். கோடுகள் அடிகுழாயைச் சூழ்ந்து செறிந்து நின்றன. அவ்வட்டாரத்துக் கிறித்தவக் குருவான ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளைஞர், ஸ்னோவின் கருத்தைத் தவறெனக் காட்ட எண்ணித் தாமும் வீடுதோறும் வினவினார். வினவ வினவ அதுவே மெய்யென உணர்ந்தார். அடிகுழாய்க்கு எதிரே இருந்த வீட்டில் ஒரு பச்சிளங்குழந்தை முதலில் நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் கொட்டப்பட்டதையும் அவரே கண்டறிந்தார். குழியின் செங்கற்கட்டு சிதைந்திருந்தது. கிணறோ மூன்றடி தொலைவில் இருந்தது.

மறைவும் புகழும்

1855 இல் ஸ்னோ தம் நூலை விரித்து எழுதி, இருநூறு பவுனுக்கு மேல் சொந்தப் பணம் செலவிட்டு வெளியிட்டார். விற்பனையால் அவருக்குத் திரும்பி வந்தது நான்கு பவுனுக்கும் குறைவு. 1858 ஜூன் 10 ஆம் நாள், குளோரோபாம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது மூளையில் குருதி கசிந்து சாய்ந்தார். ஜூன் 16 ஆம் நாள் தம் 45 ஆம் வயதில் மறைந்தார். பழைய காசநோயின் தழும்புகள் நுரையீரலிலும், நாட்பட்ட நோயின் சுருக்கம் சிறுநீரகத்திலும் காணப்பட்டன.

உண்மை உறங்குவதில்லை. 1866 இல் கிழக்கு இலண்டனில் காலரா தோன்றியபோது, கெட்ட காற்றை நம்பிய வில்லியம் பாரே நீரைச் சுட்டிக்காட்டினார். பிழை உணர்ந்து திருந்திய அவரும் பெரியவரே. 1884 இல் இராபர்ட்டு காக் என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்துக் கண்டு, மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் காட்டினார். அக்கிருமி குடலில் நஞ்சைச் சுரந்தே கொல்கிறது என்பதை 1959 இல் மெய்ப்பித்தவர் அதே நகரைச் சேர்ந்த சம்புநாத் தே என்னும் வங்க அறிஞர். நோய் பெருகிய மண்ணிலேயே அதன் மறையும் அவிழ்ந்தது.

நமக்கு அவர் தந்த பாடம்

ஸ்னோ மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அவர் கேட்ட வினா பழமையுறவில்லை. 2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. தமிழ்நாட்டில் அதனால் நேர்ந்த முதல் இறப்பு, விருதுநகருக்கு அண்மையில் உள்ள மதுரையில் அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் நிகழ்ந்தது. இறந்தவர்க்கு நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், நாட்பட்ட நுரையீரல் நோயும் முன்பே இருந்தன. பின்னர் வந்த கணக்குகளும் அவ்வாறே காட்டின. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொடக்கத்தில் இறந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய நாட்பட்ட நோய் ஒன்றையேனும் உடையவர். அவற்றுள் நீரிழிவே மிகுதி. அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில், ஈளையும் நீரிழிவும் முன்பே மிக்கிருந்த பிராங்க்ஸ் பகுதியில் சாவு செறிந்தது; ஆற்றுக்கு அப்பால் செல்வம் மிக்க மான்ஹாட்டன் பகுதியில் அது குறைந்தே நின்றது.

அவர்கள் முன்பே நோயாளிகள், அதனால் இறந்தனர் என்று கூறி அமைவது எளிது. அது விடையின் பாதியே. அந்நோய்கள் ஏன் அத்தெருவில், அத்தொழிலில், அம்மக்களிடையே செறிந்தன என்று மேலும் கேட்பதே ஸ்னோவின் வழி.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிப் பகுதி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உலகறிந்த ஊர். 1923 முதல் அங்கே வளர்ந்த இத்தொழில்கள் வறண்ட நிலத்து மக்களுக்குச் சோறிட்டன. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் அங்குள்ள தொழிலாளர் நாள்தோறும் கையாளும் பொருள்கள். வெள்ளி பூசியது போன்ற கைகளோடு அவர்கள் மாலையில் வீடு திரும்புவர். வேலைக்கு வருவோர் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருகின்றனர். நெடுநாள் சுவாசிக்கும் தூசி நுரையீரலை நலியச் செய்யும். நலிந்த நுரையீரல் கொள்ளைநோயின் தாக்குதலைத் தாங்க மாட்டாது. அத்தொழிலாளருள் ஒருவர் தம் சிற்றூரில் இறப்பாராயின், பதிவேட்டில் அவ்வூரின் பெயரே நிற்கும். அவர் உழைத்த கொட்டகையின் பெயர் நிற்காது. வெடிமூடித் தொழிற்சாலையின் பதினெண்மரும் அங்ஙனமே தம் வீடுகளில் இறந்தனர். அவர்கள் எங்கே உழைத்தனர் என்று கேட்க ஒருவர் இருந்தார்.

அத்தகைய ஒருவர் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். இறப்பை எண்ணால் மட்டும் குறித்து மூடிவைக்காமல், அவர் எங்கே வாழ்ந்தார், எதைக் குடித்தார், எக்காற்றைச் சுவாசித்தார், எத்தொழில் செய்தார் என்று வாயில்தோறும் சென்று கேட்கும் பொறுமை வேண்டும். தம் கொள்கைக்கு மாறாக நிற்கும் பத்து வீடுகளையும் நாடிச் செல்லும் நேர்மை வேண்டும். கண்டதை எளிய சொற்களில் ஆள்வோர் முன் எடுத்துரைக்கும் துணிவு வேண்டும். பிராட் தெரு இன்று பிராட்விக் தெரு என்று வழங்குகிறது. அங்கே கைப்பிடி இல்லாத அடிகுழாய் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. நீர் தராத அக்குழாய், நாடுவோர்க்கு அறிவு தந்துகொண்டே இருக்கிறது.